ஐந்து அழைப்புகள்: பொதுமுடக்கத்தில் ஒரு மார்பகப் புற்றுநோயாளி பெற்ற தொலைபேசி மருத்துவ ஆலோசனை

2020 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, புதுக்கோட்டை மாவட்டம் அறந்தாங்கிக்கு அருகிலுள்ள கிராமமொன்றில் வசிக்கும் 58 வயதுப் பெண்மணி ஒருவர், சென்னையிலிருக்கும் தம் புற்றுநோய் மருத்துவரிடம் ஐந்து முறை தொலைபேசி வழியாக ஆலோசனை பெற்றார் என்றுதான் மருத்துவமனையின் பதிவேட்டில் இருக்கும். உண்மையில் அந்த ஐந்து அழைப்புகளிலும் பெரும்பகுதி பேசியவன், அவருடைய மகனாகிய நான். கைப்பேசி என்னுடையது, எண் என்னுடையது, மருந்துகளின் பெயர்களைத் திக்காமல் சொல்லத் தெரிந்த நாக்கும் என்னுடையது. அம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்த ஏற்பாட்டில் குறை எதுவும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. செப்டம்பரில் நேரில் சென்ற பிறகுதான் அது புரிந்தது.

ஆசிரியர் தொழிலில் இருப்பதால் எதையும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அழைப்புகளின் தேதி, நேரம், கேட்கப்பட்டவை, சொல்லப்பட்டவை ஆகியவற்றை எழுதி வைத்த நாற்பது பக்க நோட்டுதான் இந்த ஆய்வுக்கு ஆதாரம். அம்மாவின் ஒப்புதலோடு எழுதுகிறேன். மருத்துவமனைகளின் பெயரையும் மருத்துவர்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். அவர்களில் எவரும் கடமை தவறியவர்கள் அல்லர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நோயின் பின்னணி

2019 அக்டோபரில் அம்மாவின் இடது மார்பில் நான்கு சென்டிமீட்டர் அளவில் கட்டி கண்டறியப்பட்டது. நவம்பரில் சென்னையில் மார்பகத்தை அகற்றும் அறுவைச் சிகிச்சை நடந்தது. அக்குள் நெறிகட்டிகளில் பரவல் இல்லை என்பதால் கதிரியக்கச் சிகிச்சை வேண்டியதில்லை என்றும், ஆனால் கட்டியின் இயல்பு வேகமாக வளரக்கூடியது என்பதால் கீமோ எனும் மருந்தேற்றும் சிகிச்சை அவசியம் என்றும், அது முடிந்தபின் ஹார்மோன் மாத்திரையைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும் என்றும் முடிவாயிற்று. 21 நாள்களுக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமைகளில் மருந்து ஏற்றினார்கள். டிசம்பர் 20-இல் தொடங்கி பிப்ரவரி 21 வரை நான்கு சுற்றுகள், ‘சிவப்பு மருந்து’ என்று கீமோ கூடத்துப் பெண்கள் அழைக்கும் டாக்ஸோரூபிசினும் அதனோடு சேர்ந்த மற்றொன்றும் ஏறின. அடுத்து பாக்லிடாக்ஸெல் நான்கு சுற்றுகள். அதில் முதலாவது மார்ச் 13-இல் முடிந்தது. அடுத்தது ஏப்ரல் 3-க்கு இருந்தது.

மார்ச் 24 இரவு நாடு தழுவிய பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 22-ஆம் தேதியோடு பயணிகள் ரயில்கள் நின்றுவிட்டன. எங்கள் ஊரிலிருந்து சென்னை ஒரு பக்கம் மட்டும் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து வரும் இரவு ரயிலில் புதுக்கோட்டையில் ஏறி, விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, மருந்து ஏற்றிக்கொண்டு, ஓர் இரவு உறவினர் வீட்டில் தங்கித் திரும்புவதுதான் அதுவரை எங்கள் வழக்கம். இந்த வழக்கத்தின் ஒவ்வொரு கண்ணியும் அந்த ஒரு வாரத்தில் அறுந்துபோயிற்று. தங்க இடம் கொடுத்த உறவினர்கூட, “இப்ப வர வேணாம் தம்பி, அக்காவுக்கும் நல்லதில்லை” என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை.

பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்த அதே மார்ச் 25-ஆம் தேதியன்றுதான் ஒன்றிய சுகாதார அமைச்சகம் தொலைமருத்துவத்திற்கான நடைமுறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மருத்துவர் நோயாளியை வீடியோவிலோ குரல் அழைப்பிலோ எழுத்துச் செய்தியிலோ கலந்தாலோசிக்கலாம் என்பதற்கும், கையொப்பமிட்ட மருந்துச் சீட்டைப் படமாக எடுத்து அனுப்பலாம் என்பதற்கும் அந்த ஆவணம் தெளிவான இடம் கொடுத்தது. அதுவரை மருத்துவர்கள் அஞ்சி அஞ்சிச் செய்துவந்த ஒன்று, ஒரே நாளில் முறையான மருத்துவமாயிற்று. அது வந்திராவிட்டால் எங்கள் ஐந்து அழைப்புகளும் ஒரு மருத்துவர் செய்யும் தனிப்பட்ட உதவி என்ற அளவில்தான் நின்றிருக்கும்.

முதல் அழைப்பு: ஏப்ரல் 1

மருத்துவமனையிலிருந்து அவர்களாகவே அழைத்தார்கள். முதலில் ஒரு செவிலியர் பேசி, பெயர், வயது, பதிவு எண் ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகு மருத்துவரிடம் கொடுத்தார். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வெளியூரிலிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்டுவிட்டு, மருத்துவர் நேராக விஷயத்திற்கு வந்தார். வாடகைக் காரில் சென்னைக்கு வருவது ஒரு வழி, பக்கத்து நகரத்தில் மருந்து ஏற்றிக்கொள்வது இன்னொரு வழி, இரண்டு வாரம் தள்ளிப்போடுவது மூன்றாவது. இரண்டு வாரத் தாமதத்தால் பெரிய இழப்பு வந்துவிடாது. ஆனால் அதற்கு மேல் போகக்கூடாது என்றார்.

அம்மாவைப் போலவே அந்த வாரங்களில் நாடெங்கும் நோயாளிகள் பாதி வழியில் நின்றார்கள். நாட்டின் புற்றுநோய் மருத்துவமனைகளை இணைக்கும் நேஷனல் கேன்சர் கிரிட் கூட்டமைப்பைச் சேர்ந்த 41 மருத்துவமனைகளில் 2020 மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டு, லான்செட் ஆன்காலஜி மருத்துவ இதழில் 2021-இல் வெளியான ஆய்வு, புதிய நோயாளிப் பதிவு 54 விழுக்காடும், தொடர்சிகிச்சைக்கு வருவோர் 46 விழுக்காடும், புறநோயாளிக் கீமோ 37 விழுக்காடும் குறைந்ததாகக் கூறுகிறது. அம்மா இதில் அந்த 46-க்குள் வருவார். தொலைபேசியில் பேசியவர்களும் அந்தக் கணக்கில் மருத்துவமனைக்கு வராதவர்களாகவே இருக்கிறார்கள்.

ஏப்ரல் 17-இல் திருச்சியில் உள்ள ஒரு மையத்தில் மருந்து ஏற்றிக்கொள்வதென்று முடிவாயிற்று. பயண அனுமதிச் சீட்டு பெற்று, வாடகைக் காரில் போனோம். சிக்கல் அங்கேதான் வந்தது. அம்மாவின் முழு ஃபைல் சென்னையில் இருந்தது. எங்களிடம் இருந்தவை அறுவைச் சிகிச்சைக்குப் பின் கொடுத்த சுருக்கமும், நான் எப்போதோ கைப்பேசியில் எடுத்த கீமோ அட்டையின் படமும்தான். அந்தப் படத்தில் செவிலியரின் கையெழுத்து பாதி நிழலில் கிடந்தது. பாக்லிடாக்ஸெல் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடிய மருந்து. அதை ஏற்றுவதற்கு முன் என்னென்ன ஊசிகள் கொடுத்தார்கள், முதல் முறை ஏற்றியபோது உடம்பு எப்படி எடுத்துக்கொண்டது என்று தெரியாமல் புதிய மருத்துவர் தொடமாட்டார். தொடாமலிருப்பதே நியாயம். கடைசியில் சென்னை மருத்துவரும் திருச்சி மருத்துவரும் தங்களுக்குள் பத்து நிமிடம் பேசிக்கொண்டார்கள். அந்த ஐந்து மாதங்களில் நடந்த எல்லா உரையாடல்களிலும் மிகவும் பயனுள்ளது அதுதான் என்பது என் கணிப்பு. நோயாளியோடு நிகழாததால் அது ஐந்தில் ஒன்றாகக் கணக்கில் வரவில்லை.

இரண்டாம் அழைப்பு: ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை

மருந்து ஏற்றிய ஒன்பதாம் நாள் மாலையில் அம்மாவுக்குக் குளிர் எடுத்தது. வீட்டுத் தெர்மாமீட்டர் 101 காட்டியது. இந்த முறை நாங்கள்தான் அழைத்தோம், மருத்துவமனை கொடுத்திருந்த அவசர எண்ணில்.

கீமோவிலிருக்கும் ஒருவருக்கு வரும் காய்ச்சலுக்கும் மற்றவர்களுக்கு வரும் காய்ச்சலுக்கும் இருக்கும் வேறுபாட்டை இங்கே சொல்ல வேண்டும். மருந்து ஏறி ஏழு முதல் பதினான்கு நாள்களுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் கீழே இறங்கிவிடும். அவற்றுள் கிருமியோடு போரிடும் நியூட்ரோஃபில்கள் குறைந்திருக்கும் நேரத்தில் காய்ச்சல் வந்தால், கிருமி எங்கிருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்காமல், ஒரு மணி நேரத்திற்குள் ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்தாக வேண்டும். சாதாரண நாளென்றால் இது எந்த அரசு மருத்துவமனைக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அந்த ஏப்ரலில் காய்ச்சல் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. உள்ளூர் கிளினிக்கில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஞாயிறு விடுமுறை.

தொலைபேசியில் பணிமருத்துவர் மூன்று நிமிடம்தான் பேசினார். “கேள்வி எதுவும் வேண்டாம், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்க. கீமோ போட்டு ஒன்பது நாள்னு முதல் வாக்கியமா சொல்லுங்க. கொரோனா டெஸ்ட் எடுக்கட்டும், ஆனா அது வர்ற வரைக்கும் ஆன்டிபயாடிக்கை நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. என் நம்பரைக் கொடுங்க” என்றார். அதையே வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாக எழுதி, தம் பதிவு எண்ணோடு அனுப்பினார். புதுக்கோட்டையில் பணியிலிருந்த இளம் மருத்துவர் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு உடனே ஊசியைத் தொடங்கினார். நியூட்ரோஃபில்கள் 600-க்கு இறங்கியிருந்தன. ஐந்து நாள் உள்நோயாளியாக இருந்தோம். கொரோனா இல்லை என்ற முடிவு இரண்டு நாள் கழித்து வந்தது.

தொலைவழி மருத்துவத்தைக் குறைசொல்லும் எவரிடமும் நான் இந்த மூன்று நிமிடங்களைத்தான் காட்டுவேன். அம்மாவின் உயிர் அந்த அழைப்பில் இருந்தது என்று சொன்னால் அதில் மிகையில்லை. ஆனால் அந்த அழைப்பு வேலை செய்ததற்குக் காரணம், தொலைபேசியின் இந்த முனையில் ஒரு கட்டிலும், ஒரு ஊசியும், ஒரு ரத்தப் பரிசோதனை இயந்திரமும், அந்த இரண்டு வரியைப் படித்துப் பார்க்கும் பொறுமையுள்ள ஒரு மருத்துவரும் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருந்ததுதான். சொல் சென்னையிலிருந்து வந்தது. கை புதுக்கோட்டையில் இருந்தது.

மூன்றாம் அழைப்பு: மே 4

வீட்டுக்கு வந்தபின் அடுத்த சுற்றைப் பற்றிய முடிவுக்காக நடந்த இந்த அழைப்பு நெடியது. மருந்தின் அளவைச் சிறிது குறைத்து, ஏற்றிய மறுநாள் வெள்ளையணு வளர்ச்சிக்கான ஊசி ஒன்றையும் போடுவதென்று தீர்மானித்தார்கள். அந்த ஊசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். மே 8-இல் திருச்சியில் மருந்து ஏற்றிக்கொண்டு, அங்கேயே ஊசியை வாங்கி, தெர்மாஸ் குடுவையில் பனிக்கட்டிக்கு நடுவே வைத்து எடுத்து வந்து, மறுநாள் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் போட்டுக்கொண்டோம். அவர் தடுப்பூசிகளைக் குளிரில் காத்துப் பழகியவர்; குடுவையைத் திறந்து பார்த்து, “நல்லா கொண்டாந்திருக்கீங்க சார்” என்று அவர் சொன்னது நான் பெற்ற நற்சான்றிதழ்களில் ஒன்று. மே 29-இல் நான்காம் சுற்றும் முடிந்தது. காய்ச்சல் மீண்டும் வரவில்லை.

மருந்துக் கடை பற்றி ஒரு சிறு குறிப்பு. வாட்ஸ்அப்பில் வந்த, கையொப்பமிட்ட மருந்துச் சீட்டை அறந்தாங்கியில் ஒரு கடைக்காரர் ஏற்க மறுத்தார். “காகிதத்துல கொண்டாங்க” என்றார். வழிகாட்டுதலில் இதற்கு இடமுண்டு என்று நான் விளக்கினேன். அதெல்லாம் அவர் காதில் விழவில்லை. பிறகு அதையே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

நான்காம் அழைப்பு: ஜூன் 22

இந்த ஆய்வின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் என் நோட்டில் இந்த அழைப்புக்கு ஒதுக்கியிருக்கும் இடம் ஒரு பக்கம்கூட இல்லை.

அப்போது சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் ஜூன் 19 முதல் 30 வரை முழு முடக்கம் நடைமுறையில் இருந்தது. மருத்துவர் தம் வீட்டிலிருந்து பேசினார். பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. கீமோ முடிந்துவிட்டதால் லெட்ரோசோல் என்ற 2.5 மில்லிகிராம் ஹார்மோன் மாத்திரையை நாளுக்கு ஒன்று எடுக்கத் தொடங்கச் சொன்னார். விரல் நுனிகள் மரத்துப்போவது பாக்லிடாக்ஸெலின் விளைவு, மெல்ல மெல்லக் குறையும் என்றார். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டபோது, அம்மா என்னிடம் தாழ்ந்த குரலில், “தையல் போட்ட இடம் அரிக்குதுன்னு சொல்லு” என்றார். சொன்னேன். “ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா” என்று மருத்துவர் கேட்டார்.

மருத்துவர் கேட்டதில் தவறில்லை. தழும்பு சிவந்திருக்கிறதா, சீழ் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேறு வழியும் இல்லை. நான் “சரி டாக்டர்” என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை.

அன்று மாலை என் மனைவி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் அம்மாவை நிற்க வைத்து நான்கு படங்கள் எடுத்தாள். மூன்று கலங்கிப் போயின. நான்காவதை அனுப்பினாள். சிவப்போ வீக்கமோ இல்லை, தேங்காயெண்ணெய் தடவினால் போதும் என்று பதில் வந்தது. மருத்துவத்தைப் பொறுத்தவரை அந்தக் கோரிக்கை அதோடு முடிந்தது. ஆனால் என் மனைவியின் கைப்பேசி எங்கள் குடும்பத்தின் பொதுக் கூகுள் கணக்கில் இணைந்திருந்ததை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. மறுநாள் காலை பையனுடைய ஆன்லைன் வகுப்புக்காக டேப்லெட்டைத் திறந்தவன் நான். கலங்கிய மூன்று படங்களும் தெளிவான ஒன்றும் வரிசையாக அதில் வந்து நின்றன. உடனே அழித்துவிட்டேன். என் பின்னால் அம்மா நின்றிருந்தார் என்பது எனக்கு அழித்த பிறகுதான் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டார். நானும் எதுவும் பேசவில்லை. நான் பார்க்கவேயில்லை என்பது போல நடந்துகொள்வதே அவருக்கு மரியாதை என்று எண்ணினேன்.

ஐந்தாம் அழைப்பு: ஆகஸ்ட் 20

இது வீடியோ அழைப்பு. கூடத்தில்தான் சிக்னல் நன்றாக வரும் என்பதால் அங்கேயே உட்கார்ந்தோம். சித்தப்பா வந்திருந்தார், ஊஞ்சலில் இருந்தார். என் மகன் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தான். கைப்பேசியை நான் பிடித்திருந்தேன், ஒலிபெருக்கியைப் போட்டிருந்தேன்.

மருத்துவர் மூட்டு வலியைப் பற்றிக் கேட்டார். லெட்ரோசோல் எடுப்பவர்களுக்கு அது பொதுவாக வருவது. கால்சியம் மாத்திரை எழுதினார். பிறகு அம்மாவை நோக்கி, “தையல் இடத்துல, அக்குள்ல, அந்தப் பக்கத்து மார்புல கையால தடவிப் பார்க்கிறீங்களாம்மா? ஏதாச்சும் தட்டுப்படுதா?” என்று கேட்டார். அம்மா திரையைப் பார்த்து, “இல்லைங்க டாக்டர்” என்றார். நோட்டில், ‘கட்டி எதுவும் இல்லை’ என்று நான் எழுதி அடிக்கோடிட்டேன்.

அழைப்பின் முடிவில் மருத்துவர் ஒரு விஷயத்தை நினைவூட்டினார். நேரில் பார்த்து ஆறு மாதத்திற்குள், அதே நோய்க்காகப் பேசினால்தான் வழிகாட்டுதலின்படி அது தொடர் ஆலோசனை எனக் கொள்ளப்படும். கடைசியாக நேரில் பார்த்தது மார்ச் 13. செப்டம்பர் 13-க்குப் பிறகு அது முதல் ஆலோசனைக்குச் சமமாகிவிடும், எழுதக்கூடிய மருந்துகளும் குறைந்துவிடும். “போக்குவரத்து திறந்ததும் ஒரு தடவை வந்துடுங்க” என்றார். காகிதத்தில் இருந்த அந்த ஆறு மாதக் கெடுதான் நாங்கள் மேலும் தாமதிக்காமல் கிளம்பியதற்குக் காரணம். விதிகளைக் குறைகூறும் நமக்கு அவை சில வேளைகளில் இப்படியும் உதவிவிடுகின்றன.

நேரில்: செப்டம்பர் 17

மாநிலத்துக்குள் பயணிக்க இ-பாஸ் எனும் அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை என்பது செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 7-ஆம் தேதி மாவட்டங்களுக்கிடையே பேருந்துகளும் மாநிலத்துக்குள் ரயில்களும் ஓடத் தொடங்கின. பத்து நாள் கழித்துச் சென்னை போனோம்.

பழைய காத்திருப்புக் கூடம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. நாற்காலிகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் பட்டை ஒட்டியிருந்தார்கள். ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் துணை. மருத்துவர் அழைத்ததும் நான் எழுந்தேன். “நீங்க வெளியிலே இருங்க சார், அம்மா மட்டும் வரட்டும்” என்று செவிலியர் தடுத்தார். தொற்றுக் காலத்து விதி அது. ஆறு மாதமாக எல்லா அழைப்பிலும் இருந்த நான் முதன்முறையாக ஓர் ஆலோசனைக்கு வெளியே உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஆயிற்று.

தையல் தழும்பின் வெளி ஓரத்தில், தோலுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு முடிச்சு இருந்தது. அம்மா அதை ஜூலை முதல் வாரத்திலேயே, குளிக்கும்போது, கண்டிருக்கிறார். இரண்டரை மாதமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. நோய் திரும்பிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டிருந்தார். ஆகஸ்டில் என் தங்கையை அழைத்து நகைகளைப் பற்றிப் பேசியதும், வயல் பட்டாவை எடுத்து வைக்கச் சொன்னதும் எதற்காக என்பது எனக்கு அந்த நடைக்கூடத்தில்தான் விளங்கியது.

ஊசியால் திசு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, உள்ளே தங்கிப்போன தையல் நூலைச் சுற்றி உடம்பு கட்டிய சிறு முடிச்சு அது. ஒரு வாரம் கழித்து அந்த முடிவைத் தொலைபேசியில் சொன்னார்கள், வழக்கம்போல என் எண்ணுக்கு அழைத்து.

ஏன் சொல்லவில்லை

திரும்பி வந்த ரயிலில் அம்மாவிடம் கேட்டேன். “சொன்னா மறுபடி போட்டோ கேப்பாக” என்றார். சற்று நேரம் கழித்து, “அந்த டாக்டரம்மாகிட்ட தனியா பேசுற மாதிரி இருந்தா சொல்லியிருப்பேன். ஊஞ்சல்ல உங்க சித்தப்பாவை வச்சுக்கிட்டு எப்புடி சொல்றது” என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் பேசவில்லை; நானும் கேட்கவில்லை.

இந்த இரண்டு பதில்களிலும் முழு ஆய்வும் அடங்கிவிடுகிறது என்றே நினைக்கிறேன். ஐந்து அழைப்புகளிலும் எடுக்கப்பட்ட மருத்துவ முடிவுகளைப் பின்னர் வேறொரு புற்றுநோய் மருத்துவரிடம் காட்டினேன். ஒன்றிலும் பிழை காண அவரால் முடியவில்லை. பிழை முடிவுகளில் இல்லை. கேள்வி யார் காதில் விழுகிறது, பதில் யார் முன்னிலையில் சொல்லப்படுகிறது என்பதில் இருந்தது. மருத்துவமனை அறையில் ஒரு திரைச்சீலை இருக்கிறது. அதை இழுத்துவிட்டால் மகன் வெளியாள். எங்கள் கூடத்தில் அப்படி ஒரு திரை இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்ற வாய்ப்பில்லை, ஏனென்றால் அவருடைய திரையில் தெரிந்தது அம்மாவின் முகம் மட்டும்தான். அதற்கு வெளியே நின்ற நாங்கள் மூன்று பேரும் அவருக்குத் தெரியவில்லை.

2020 வழிகாட்டுதல் பராமரிப்பாளரைப் பற்றிப் பேசாமல் இல்லை. நோயாளி உடனிருக்கும்போது பராமரிப்பாளர் பேசலாம். உடனில்லாதபோது பேசுவதென்றால் நோயாளி சிறாராகவோ பேச இயலாதவராகவோ இருக்க வேண்டும், அல்லது முறையான அனுமதி வேண்டும் என்று அது பிரித்துச் சொல்கிறது. நாங்கள் முதல் வகை. அம்மா எப்போதும் உடனிருந்தார். விதிப்படி நாங்கள் செய்தது முழுக்கச் சரி. உடனிருப்பது வேறு, பேச முடிவது வேறு என்ற வேறுபாட்டை விதியால் பார்க்க முடியவில்லை.

இங்கே இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீமோ கூடத்தில் அம்மாவுக்குப் பழக்கமான ஒரு பெண்மணியின் கணவர், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர், நாக்கில் வந்த புற்றுநோய்க்காகப் பாதி நாக்கை இழந்தவர். அவருக்கும் குரல் அழைப்பில்தான் ஆலோசனை நடந்தது. பேச முடியாத மனிதருக்குத் தொலைபேசி. வலி எத்தனை என்று மருத்துவர் கேட்பார். அவர் விரலைக் காட்டுவார். மனைவி எண்ணைச் சொல்வார். சில நாள் அவர் எட்டைக் காட்டினால் மனைவி ஐந்து என்று சொன்னதும் உண்டாம், மருத்துவர் பயந்துவிடக் கூடாதே என்று. அவருக்கு வேண்டியிருந்த மார்ஃபின் மாத்திரையையோ தொலைவழியில் எழுதவே முடியாது. போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளை வழிகாட்டுதல் அடியோடு விலக்கியிருக்கிறது. அதன் காரணம் புரிகிறது. ஆனால் அதற்காக அவருடைய மைத்துனர் ஊரடங்கில் ஒவ்வொரு முறையும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பைக்கில் அலைந்தார். வலி மிகுந்தவர்களுக்கே வழி மிகக் குறைவாக இருந்தது.

அம்மா இழந்தது மருத்துவரை மட்டுமல்ல, அந்தக் கீமோ கூடத்தையும்தான் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். தலைமுடி கொட்டும் முன்பே மொட்டையடித்துக்கொள்வது நல்லது என்று அவருக்குச் சொன்னவர் பக்கத்து நாற்காலிப் பெண். ஜாக்கெட்டுக்குள், மார்பு அகற்றிய பக்கத்தில், பருத்தித் துணியில் கடுகு வைத்துத் தைத்துக்கொண்டால் எடை சரியாக நிற்கும் என்று காட்டிக்கொடுத்தவர் இன்னொருவர். தையல் நூல் முடிச்சு சிலருக்கு வரும் என்பதும் அங்கே யாராவது ஒருத்தருக்குத் தெரிந்திருக்கும். ‘எனக்கும் வந்துச்சுக்கா, ஒண்ணுமில்லை’ என்ற ஒரு சொல் இரண்டரை மாதப் பயத்தை இரண்டு நிமிடத்தில் கரைத்திருக்கும். அந்தச் சொல்லை எந்தத் தொலைமருத்துவச் செயலியும் ஏற்பாடு செய்து கொடுக்கவில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகும் அம்மா தொலைபேசி ஆலோசனையை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவு ரயிலின் அலைச்சலும், வாந்தியோடு படுத்துக்கொண்டு வந்த திரும்புகாலும், உறவினர் வீட்டுக் கூச்சமும் அவருக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஆறு மாதத்திற்கு ஒருமுறை நேரில் போவது, இடையே தொலைபேசியில் பேசுவது என்ற ஏற்பாட்டை அவரே கேட்டுப் பெற்றுக்கொண்டார். மருத்துவர் தம் பங்குக்கு ஒன்றை மாற்றிக்கொண்டார். இப்போது அழைப்பு வந்ததும் அவர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “அம்மா எங்க இருக்காங்க? ஃபோனை அவங்ககிட்ட கொடுத்துட்டு நீங்க கொஞ்சம் வெளியே போறீங்களா?” என்பதுதான். மருந்து விவரங்களுக்கு மட்டும் கடைசியில் என்னைக் கூப்பிடுவார்.

அப்படி நடந்த முதல் அழைப்பு 2020 டிசம்பரில் வந்தது. அம்மா கைப்பேசியை வாங்கிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, கொல்லைப்புறத்துக் கிணற்றடிக்குப் போய்விட்டார். சிக்னல் அங்கே சரியாக வராது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். நோட்டில் அந்த அழைப்புக்கு எதிரே ‘14 நிமிடம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.